கைவேலை நகையைப் போனில் படம் எடுக்க: காரைக்குடிப் பக்கத்துப் புதுக் கடைக்காரர்களுக்கு

நம்ம பக்கம் புதிதாக நகை செய்து ஆன்லைனில் விற்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடிப் பிடிப்பது ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லை. பூப்போட்ட அந்தக் கல்லின் மேல் ஜிமிக்கியை வைத்து, மேலேயிருந்து ஒரு படம், உடனே இன்ஸ்டாகிராமில் போட்டாயிற்று. பார்க்கிறவர்களும் "கல்லு சூப்பரா இருக்கே, எங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஜிமிக்கி என்ன விலை என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

செட்டிநாட்டு வீட்டில் நகைப் படத்துக்கு உண்மையில் உதவுகிற விஷயம் அதன் வெளிச்சம். தரை, தூண், கதவுச் சிற்பம் எல்லாம் அழகுதான், ஆனால் அவை நகையோடு போட்டி போடும். வெளிச்சம் போட்டி போடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். டெரகோட்டா, பட்டுநூல் வளையல், பாசிமணி, கெம்புக்கல், ஆக்சிடைஸ்டு, பித்தளை என்று எதைச் செய்கிறவராக இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் போனைச் சரிபண்ணுங்கள்

புதுப் போன் வாங்க வேண்டாம். நாலைந்து வருடத்துக்குள் வாங்கிய எந்த நடுத்தர விலைப் போனும் போதும், அந்தக் காசுக்கு மணியும் கல்லும் வாங்கிப் போடுங்கள். ஆனால் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள், பைக்குள்ளும் சமையல் மேடையிலும் கிடக்கிற போனில் விரல் எண்ணெய் படிந்துதான் இருக்கும். அதோடு எடுத்தால் கல்லைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு மங்கல் வரும், வாங்குகிறவர் நகையே மங்கல் என்று நினைத்துக்கொள்வார். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி இருந்தால் போதும்.

அடுத்து செட்டிங்ஸ். கேமராவில் கட்டம் காட்டும் கோடுகளை ஆன் செய்யுங்கள், நெக்லஸ் சாய்ந்திருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். பிளாஷ் எப்போதும் ஆஃப். 'ஏ.ஐ.' என்றோ 'சீன்' என்றோ ஒரு வசதி பல போன்களில் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். மெரூன் வளையலை அதுவாகவே ரத்தச் சிவப்பாக மாற்றிவிடும். மூன்று விநாடி டைமரை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பட்டனைத் தொடும்போதே போன் லேசாக ஆடும், நகை மாதிரிச் சின்னப் பொருளில் அந்த ஆட்டம் அப்படியே தெரியும். ஒயர் இயர்போன் இருந்தால் அதிலுள்ள வால்யூம் பட்டனை அழுத்தினாலும் பெரும்பாலான போன்களில் படம் விழும்.

பலர் கவனிக்காத ஒன்று: கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கி வைத்திருப்பீர்கள். அதை அணைக்காமல் படத்தைத் திருத்த உட்கார்ந்தால், மஞ்சளைப் போக்குகிறேன் என்று நீலத்தை ஏற்றிவிடுவீர்கள். உங்கள் திரையில் சரியாகத் தெரியும், வாங்குகிறவர் திரையில் நகை ஊதாப் பூத்துப்போய் இருக்கும். சாம்சங் போன்களில் திரை நிறத்தை 'விவிட்' என்பதிலிருந்து 'நேச்சுரல்' என்பதற்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்: இங்கேதான் பாதி வேலை

செட்டிநாட்டு முற்றத்தில் மேலே திறந்த வானம், சுற்றிலும் வளவு என்கிற தூண் தாழ்வாரம், மூன்று நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புச் சுவர் இன்னமும் வழவழவென்று இருக்கிற வீடுகள் உண்டு. வானத்து வெளிச்சத்தை அது நிறம் மாற்றாமல் உள்ளே திருப்பி அனுப்பும். ஸ்டுடியோவில் குடை, சாஃப்ட்பாக்ஸ் என்று காசு கொடுத்து உண்டாக்குவது இந்த வெளிச்சத்தைத்தான்.

ஆனால் முற்றத்து நடுவில் வெயிலில் வைக்காதீர்கள். நேர் வெயிலில் உலோகம் ஒரு பக்கம் வெள்ளையாக வெந்துபோகும், மறுபக்கம் கறுப்பு நிழல் விழும். தூண் வரிசையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, வெயில் படாத இடத்தில் ஒரு சின்ன மேசையோ முக்காலியோ போடுங்கள். முற்றம் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும். முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் வெளிச்சம் நகையின் முகத்தில் நேராக விழும், ஜிமிக்கியின் குமிழ் தட்டையாகிவிடும், உங்கள் நிழலும் சேர்ந்து விழும். பக்கவாட்டில் வருகிற வெளிச்சம்தான் குமிழைக் குமிழாகவும் மணியை மணியாகவும் காட்டும்.

வெளிச்சம் வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டை நிறுத்துங்கள். இருண்ட பக்கத்தில் வெளிச்சம் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிட்டே கொண்டுபோனால் நிழல் கரையும், தள்ளி வைத்தால் நிழல் கூடும். முழுக்கக் கரைத்துவிடாதீர்கள், கொஞ்சம் நிழல் இருந்தால்தான் பொருளுக்கு எடை தெரியும்.

காலை எட்டிலிருந்து பத்து, சாயங்காலம் மூன்றரையிலிருந்து ஐந்து, இதுதான் நல்ல நேரம். உச்சி வெயிலில் நிழலில் வைத்தால் சரிதானே என்று கேட்கலாம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயில் தரையில் விழுந்து எகிறும்போது தரையின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். நம் வீட்டுத் தரைகளில் சிவப்பும் மஞ்சளும் அதிகம். ஒரு வெள்ளி ஜிமிக்கியை அந்த நேரத்தில் எடுத்து, படத்தைப் பெரிதாக்கி அடி விளிம்பைப் பாருங்கள். மேல்பாதி வெள்ளையாக இருக்கும், அடியில் தொங்குகிற முத்துகளின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு கோடு ஓடும். எடிட்டிங்கில் அதை எடுக்கப் போனால் மேல்பாதி நீலமாகும். மேசைக்கும் முற்றத்துக்கும் நடுவில் தரையில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் தீர்ந்தது.

இதே வகைத் தொல்லைகள் இன்னும் சில. திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்துக்கு மேலே கம்பி வலை அடித்திருப்பார்கள், வெயில் ஏறினால் அதன் கட்டம் கட்டமான நிழல் உள்ளே விழும். மழைக்காகப் பச்சை அல்லது நீலப் பைபர் ஷீட் போட்டிருந்தால் அந்த இடமே வேண்டாம், எல்லாம் அந்த நிறத்தில் வரும். நிலைக்கு மேலே வண்ணக் கண்ணாடி பதித்த பழைய ஜன்னல்களும் அப்படித்தான், பார்க்க அழகு, நகைக்கு ஆகாது.

பெரிய வீடு சொந்தமாக இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். தெரிந்த வீடு திறந்திருந்தால் கேளுங்கள், கேட்டால் சரி என்பார்கள். "ஆச்சி, வளவுல ஒரு ஓரமா அரை மணி நேரம் படம் எடுத்துக்கட்டுமா?" என்றால், "எடுத்துக்க, பதினோரு மணிக்கு முன்னால எடுத்துட்டுக் கிளம்பு, வத்தல் காயப்போடணும்" என்று பதில் வரும். சுற்றுலாக்காரர்கள் வருகிற கானாடுகாத்தான் மாதிரி ஊர்களில் சில வீட்டுக்காரர்கள் உள்ளே போகவே கட்டணம் வாங்குகிறார்கள், கேமரா என்றால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அதெல்லாம் வேண்டாம், வாடகை வீட்டிலேயே எடுக்கிறேன் என்றால் நேர் வெயில் வராத ஒரு ஜன்னல் போதும், வடக்குப் பார்த்ததாக இருந்தால் ரொம்ப நல்லது. வெயில் வருகிற ஜன்னல்தான் இருக்கிறது என்றால் அதில் ஒற்றை வேட்டியை இழுத்துக் கட்டுங்கள். நிறம் கலந்த கரை வெளிச்சத்துக்குள் வராமல் ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். பட்டர் பேப்பர் ஒட்டினாலும் அதே பலன்.

எங்கே எடுத்தாலும் அறையில் உள்ள விளக்கை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் ஒரு நிறம், மஞ்சள் பல்ப் இன்னொரு நிறம். மூன்றும் ஒரே நெக்லஸில் விழுந்தால் எந்த ஆப்பாலும் பிரிக்க முடியாது. வீடியோ எடுக்கும்போது திரையில் பட்டை பட்டையாக ஓடுவதும் டியூப் லைட், மலிவு எல்.இ.டி. செய்கிற வேலைதான், நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு அது. பகல் வெளிச்சத்தில் வராது.

இரவில்தான் நேரம் கிடைக்கும் என்கிறவர்கள் எல்.இ.டி. விளக்கு வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ. எண்ணைப் பாருங்கள், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்கிற எண் அது. 90க்கு மேல் இருந்தால் வாங்கலாம். குறைந்தால் முதலில் அடிபடுவது சிவப்பு, கெம்பு பழுப்பாக வரும். விளக்குக்கும் நகைக்கும் நடுவே பட்டர் பேப்பர் கட்டாயம். ஐப்பசி கார்த்திகை மேக மூட்டத்தில் வெளிச்சம் மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் குறைவு. கையில் பிடித்து எடுத்தால் ஆடிவிடும், ஸ்டாண்ட் வேண்டும்.

அடியில் எதை வைப்பது

கடைக்கான முதல் படத்துக்கு வெள்ளைச் சார்ட் பேப்பர். அதைச் சுவரில் ஒட்டி மேசை மேல் மடிப்பு விழாமல் வளைந்து வருகிற மாதிரி விடுங்கள், சுவரும் மேசையும் சேர்கிற கோடு தெரியக் கூடாது. பளபளப்பான சார்ட் வேண்டாம், மங்கலாக இருக்கிறதுதான் நல்லது. அமேசானில் போடுவதாக இருந்தால் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி கட்டாயம், பொருள் படத்தில் குறைந்தது 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும், எழுத்தோ வாட்டர்மார்க்கோ இருக்கக் கூடாது.

இரண்டாவது மூன்றாவது படங்களுக்கு நிறம் சேர்க்கலாம். வெளிர் சாம்பல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கடப்பாக் கல் துண்டு பித்தளைக்கும் மஞ்சள் பட்டுநூலுக்கும் எடுப்பாக இருக்கும், ஆக்சிடைஸ்டு நகைக்கு ஆகாது, கறுப்பில் கறுப்பு தொலைந்துபோகும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு சின்ன மரப்பலகையோ உடைந்த கதவுத் துண்டோ கிடைத்தால் வாங்கி வையுங்கள், வார்னிஷ் அடிக்காததாக. வார்னிஷ் மரம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

ஆத்தங்குடிக் கல்லை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடித் தகட்டின் மேல்தான் நிறச் சிமென்ட்டை ஊற்றுகிறார்கள், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்குகிறது. அதனால்தான் மேலேயிருந்து எடுத்தால் ஜன்னல் அதில் பளிச்சென்று தெரிகிறது. பூவேலையும் கண்ணை இழுக்கிறது. ஆகவே ஒன்று, பூ இல்லாத ஒற்றை நிறக் கல்லைப் பயன்படுத்துங்கள். அல்லது பூக்கல்லை நகைக்கு அடியில் வைக்காமல் ஓரிரண்டு அடி பின்னால் விட்டு, மங்கலாகத் தெரிய விடுங்கள். ஒரு செட்டுக்கு ஒரு படம் அப்படி இருந்தால் ஊர் வாசனைக்குப் போதும். கண்டாங்கிச் சேலைக்கும் இதுதான் விதி, அதன் கட்டம் மெல்லிய செயினை விழுங்கிவிடும், கட்டமில்லாத கரைப் பகுதியை மடித்து வைத்தால் அழகு. கொட்டான் என்கிற ஓலைக் கூடையின் பின்னலும் அப்படியே, பெரிய வளையலுக்குச் சரி, சின்னத் தோட்டுக்குச் சரிவராது.

நகையைத் தயார் பண்ணுவது

படத்தில் நகை நேரில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். அப்போதுதான் பட்டுநூல் முடிகிற இடத்தில் காய்ந்த பசைத் துளி, டெரகோட்டாவின் ஓரத்தில் பெயின்ட் படாத இடம், மணிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற கோத்த நூலின் முனை எல்லாம் வெளியே வரும். எடிட்டிங்கில் மறைப்பதைவிட அந்த நூலை வெட்டி, பெயின்டைத் தொட்டுச் சரிசெய்துவிட்டு எடுப்பது சுலபம், நியாயமும்கூட. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். உலோகத்தைத் துணியில் பிடித்துத் துடைத்து அப்படியே துணியோடு வையுங்கள். சித்திரை வைகாசி வியர்வையில் ஒரு தடவை விரல் பட்டாலும் ரேகை நிற்கும்.

படுக்க வைத்தால் ஜிமிக்கி உருண்டு ஓடும். நிற்க வைக்க, பின்னால் தெரியாத இடத்தில் ஒரு பொட்டு இரட்டைப் பக்க டேப். மோதிரத்துக்கும் அதுதான். தொங்க விட வேண்டுமானால் இரண்டு டம்ளருக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி. நெக்லஸைச் சும்மா போட்டால் ஒரு பக்கம் கோணும். மார்பளவு அட்டை ஒன்று வெட்டி, கழுத்து வளைவைப் பென்சிலில் வரைந்து, அதன் மேல் சார்ட் பேப்பர் ஒட்டி அந்த வளைவில் பொருத்துங்கள். கழுத்திரு (செட்டிநாட்டுக் கல்யாணக் கழுத்து நகை) மாடலில் பெரிய டெரகோட்டா செட் செய்கிறவர்கள் அதைத் தட்டையாகப் பரப்பி நேர் மேலேயிருந்து எடுப்பது நல்லது, உருக்கள் வரிசையாக விழுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பென்சில் முனையால் தள்ளிச் சரிபார்த்துவிட்டு.

தூரம், போகஸ், வெளிச்ச அளவு

புதிதாக எடுக்கிறவர்கள் எல்லாரும் போனை நகையின் மூக்கிலேயே கொண்டுபோய் வைப்பார்கள். ரொம்பக் கிட்டே போனால் போகஸ் நிற்காது, நின்றாலும் முன்னால் இருக்கிற பாகம் பெருத்து, பின்னால் இருப்பது சிறுத்துப்போகும். ஜிமிக்கியின் தோடு குண்டூசித் தலையாகவும் அடிக்குடை தாம்பாளமாகவும் வருவது இதனால்தான். ஓரடி தள்ளி வாருங்கள். கேமராவில் 2 எக்ஸ் என்று லென்ஸ் தேர்வு இருந்தால் அதைத் தொடுங்கள், இல்லையென்றால் 1 எக்ஸில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். 0.5 அல்லது 0.6 என்று இருக்கிற அகல லென்ஸ் நகைக்கு வேண்டவே வேண்டாம். சில போன்கள் கிட்டே போனதும் மேக்ரோ என்று தானாகவே அந்த லென்ஸுக்கு மாறிவிடும், படம் திடீரென்று குதிப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

விரலால் இழுத்து ஐந்து, பத்து என்று ஜூம் செய்யாதீர்கள், அரிசி அரிசியாக உடையும். போர்ட்ரெய்ட் மோடும் நகைக்குத் துரோகம் செய்யும். எது நகை எது பின்னணி என்று போன் ஊகிக்கிறது, மெல்லிய செயினும் கொக்கியும் அதன் கணக்கில் தப்பிவிடும், பாதிச் சங்கிலி காற்றில் கரைந்த மாதிரி வரும்.

திரையில் நகையின் முன்பக்கக் கல்லை விரலால் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். போகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும், அதை மேலே கீழே இழுத்தால் படம் வெளுக்கும் அல்லது இருளும். வெள்ளைப் பேப்பரில் வைத்து எடுக்கும்போது போன் அதைப் பார்த்துப் பயந்து படத்தை மங்கலாக்கும், வெள்ளை சாம்பலாகத் தெரியும், அப்போது கொஞ்சம் மேலே இழுங்கள். கறுப்பில் எடுத்தால் கீழே.

ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இரண்டு அடுக்குப் புத்தகத்துக்கு நடுவில் இடம் விட்டு, போனை மேலே பாலம் மாதிரி வைத்து லென்ஸ் மட்டும் வெளியே தெரியும்படி நகர்த்துங்கள். மேலேயிருந்து எடுக்க இதுவே போதும். பக்கவாட்டில் எடுக்க, அரிசி அளக்கிற மரக்கால், படி எது இருந்தாலும் போனைச் சாய்த்து வைக்கலாம்.

ஒவ்வொரு நகைக்கும் ஒவ்வொரு குணம்

டெரகோட்டா எளிது. பளபளப்பு இல்லை, எதையும் பிரதிபலிக்காது. வெளிச்சத்தைக் கொஞ்சம் தாழ்வாக, பக்கத்திலிருந்து வரவிட்டால் செதுக்கல் எல்லாம் எழுந்து நிற்கும். தங்க நிற அக்ரிலிக் அடித்தது மட்டும் கோணம் மாறினால் பழுப்பாகும், மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து மின்னுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

பட்டுநூல் வளையலில் நூல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்து மினுக்கம் வரும். வளையலைப் படுக்க வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் இடத்தில் வெள்ளி ஓடின மாதிரி ஒரு கோடு தோன்றும், அதுதான் பட்டு என்று சொல்கிற கோடு. அது படத்தில் இருக்க வேண்டும். ராணி பிங்க், ரத்தச் சிவப்பு இரண்டிலும் போன் தடுமாறும், நூலிழை தெரியாமல் ஒரே சிவப்புப் பூச்சாக வந்துவிடும். சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக எடுத்து, பிறகு எடிட்டிங்கில் தூக்குங்கள். கெம்புக்கும் இதே மருந்துதான்.

உலோகம்தான் கஷ்டம். மெருகு போட்ட பித்தளைக் குமிழ் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் ஜன்னல், நீங்கள், உங்கள் போன், உங்கள் ஆரஞ்சுச் சுடிதார் எல்லாம் குட்டியாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிக் குமிழின் நடுவைப் பாருங்கள், கறுப்பாக ஒரு செவ்வகம் இருந்தால் அதுதான் போன். முதலில் வெள்ளை அல்லது சாம்பல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனை அதற்குப் பின்னால் வைத்து எடுங்கள். இப்போது குமிழில் வெள்ளை மட்டுமே தெரியும், கறுப்புப் புள்ளி மிகச் சிறியதாகிவிடும். ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளையானால் உலோகம் பிளாஸ்டிக் மாதிரிச் செத்துப்போகும். அதற்கு ஒரு கறுப்பு அட்டைக் கீற்றை ஓரத்தில், படத்தில் விழாத இடத்தில் நிறுத்துங்கள். விளிம்பில் ஒரு கறுங்கோடு ஓடும், உலோகத்துக்கு உயிர் வரும். கடைகளில் கிடைக்கிற சுற்றிலும் விளக்கு வைத்த சின்ன லைட் பாக்ஸ் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம், எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், எல்லா நகையும் ஒரே சப்பை.

கல் வைத்த நகையில் இன்னொரு தந்திரம். மென்மையான வெளிச்சத்தில் உலோகம் நன்றாக வரும், கல் மின்னாது. மின்னுவதற்குச் சின்னப் புள்ளி வெளிச்சம் வேண்டும். இன்னொரு போனின் டார்ச்சை இரண்டு மூன்றடி தள்ளிப் பக்கத்திலிருந்து அடித்து, மெதுவாக அசைத்துக்கொண்டே எடுங்கள். ஏதோ ஓர் இடத்தில் கல்லுக்குள் நெருப்பு பிடிக்கும். அதிகமாக அடித்தால் டார்ச்சின் வெள்ளை நிறம் நகை முழுக்கப் படியும், ஜாடையாக அடியுங்கள்.

என்னென்ன படங்கள் வேண்டும்

வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்க்க முடியாது, அதனால் கடையில் என்னவெல்லாம் செய்வாரோ அதையெல்லாம் படம் செய்ய வேண்டும். முன்பக்கம் ஒன்று, லேசாகத் திரும்பியது ஒன்று, வேலைப்பாடு தெரியக் கிட்டத்தில் ஒன்று. பின்பக்கம் கட்டாயம். திருகாணியா, கொக்கியா, அழுத்துகிற பட்டனா என்று கேட்டுத்தான் பாதி மெசேஜ் வருகிறது. வெள்ளியாக இருந்தால் 925 முத்திரை தெரியக் கிட்டத்தில் ஒன்று. ஜெர்மன் சில்வர் என்றால் அப்படியே எழுதிவிடுங்கள், அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, வெள்ளி அதில் கிடையாது. படம் பளபளவென்று இருக்கிறது என்பதற்காக வாங்கினவர் ஏமாந்துபோகக் கூடாது.

பிறகு அளவு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். ஸ்கேல் பார்க்கப் பிடிக்காவிட்டால் பத்து ரூபாய் நாணயம், அது 27 மில்லிமீட்டர் விட்டம், எல்லார் கையிலும் இருக்கிறது. வளையலுக்கு 2.4, 2.6, 2.8 என்று போடும்போது புதிதாக வாங்குகிறவர்கள் அதைத் தசமம் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். 2.4 என்றால் இரண்டே நாலு பதினாறாம் பாகம் அங்குலம், அதாவது உள்விட்டம் 57 மில்லிமீட்டர் சுமார். 2.6 என்றால் 60 சொச்சம், 2.8 என்றால் சரியாக இரண்டரை அங்குலம், 63.5. வளையலுக்குள் ஸ்கேல் குறுக்கே படுத்திருக்கிற ஒரு படம் போட்டு மில்லிமீட்டரிலும் எழுதிவிட்டால் திரும்பி வருகிற பார்சல் நிச்சயம் குறையும்.

போட்டுக் காட்டுகிற படம் ஒன்றாவது வேண்டும். மாடலெல்லாம் தேவையில்லை, தங்கச்சியோ மதினியோ போதும். முகம் வேண்டாம் என்றால் காதும் தாடையும் மட்டும், கழுத்தென்றால் உதட்டுக்குக் கீழே. படம் ஆன்லைனில் போகும் என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு ஆளாக இருந்தாலும். ரவிக்கை ஒற்றை நிறத்தில் இருக்கட்டும், காதில் ஏற்கெனவே கிடக்கிற மாட்டலையும் இரண்டாவது தோட்டையும் கழற்றச் சொல்லுங்கள், தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குங்கள். அழகுபடுத்தும் பில்டர் கண்டிப்பாக வேண்டாம். தோலை வெளுப்பாக்குகிறேன் என்று நகையின் நிறத்தையும் சேர்த்து வெளுத்துவிடும்.

ஒரு சின்ன வீடியோவும் எடுத்துவிடுங்கள், பத்துப் பதினைந்து விநாடி. ஜிமிக்கியைத் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆடுகிற ஆட்டமே எடை என்ன என்று சொல்லிவிடும்.

திருத்துவது

ஸ்நாப்சீட் போதும், கூகுளுடையது, இலவசம். முதலில் வெட்டி நேராக்குங்கள். அடுத்து வொயிட் பேலன்ஸ், அதில் சொட்டுக்குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை வெள்ளைப் பேப்பரின் மேல் வைத்தால் நிறம் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காகத்தான் எந்தப் பின்னணியில் எடுத்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைப் பேப்பர் தெரிகிற மாதிரி விட்டு, பிறகு வெட்டிக்கொள்ளச் சொல்கிறேன். அப்புறம் வெளிச்சம் கொஞ்சம், கான்ட்ராஸ்ட் கொஞ்சம். தூசிப் புள்ளிகளை ஹீலிங்கில் தொட்டு எடுங்கள். சாச்சுரேஷனைத் தொடாதீர்கள். 'டீடெயில்ஸ்' பக்கம் போனால் அளவோடு, அதிகமானால் டெரகோட்டா மணல்தாள் மாதிரி ஆகும்.

சேமிப்பதற்கு முன் நகையை ஜன்னலோரம் திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். நேரில் இருப்பதைவிடப் படம் அழகாக இருந்தால் திரும்பவும் குறையுங்கள். "போட்டோல வேற கலர்" என்று வருகிற ஒரு புகாருக்குப் பதில் சொல்ல ஆகிற நேரத்தில் இன்னொரு வளையல் சுற்றிவிடலாம்.

அனுப்புவதும் அடுக்குவதும்

ஒவ்வொரு நகைக்கும் ஒரு எண் கொடுங்கள். எடுக்க ஆரம்பிக்கும் முன் அந்த எண்ணைச் சீட்டில் எழுதி அதை ஒரு படம், பிறகு நகைப் படங்கள். மொத்தமாக உட்கார்ந்து பிரிக்கும்போது எது எந்த ஜிமிக்கி என்று தேட வேண்டாம். ஒரே மாதிரி மூன்று செட் செய்கிறவர்களுக்கு இது இல்லாவிட்டால் தலைவலிதான்.

இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 என்ற உயர வாக்கு அளவு வசதி. நகையைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடம் விட்டே எடுங்கள், எந்த அளவுக்கு வெட்டினாலும் கொக்கி துண்டாகாது. அமேசானில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வர நீளப் பக்கம் குறைந்தது 1000 பிக்சல் இருக்க வேண்டும். கைவினைப் பொருள் விற்கிற எட்சி தளத்தில் போடுகிறவர்கள் குட்டைப் பக்கம் 2000 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைப் பெயரைப் படத்தில் போட ஆசையென்றால் இன்ஸ்டாகிராம் படத்தில் மூலையில் சின்னதாக. நகைக்குக் குறுக்கே எழுதினால் திருடுகிறவர் நிற்க மாட்டார், வாங்குகிறவர்தான் போய்விடுவார்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தை நசுக்கித்தான் அனுப்பும், நீங்கள் பாடுபட்டு எடுத்த நூலிழை எல்லாம் போய்விடும். எச்.டி. என்ற குறியைத் தொட்டு அனுப்புங்கள். வேறு ஒருவருக்குப் போஸ்டர் செய்யவோ வெப்சைட்டில் ஏற்றவோ கொடுக்கும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் ஒரு பொருளுக்குப் பத்துப் படம்வரை வைக்கலாம். வெள்ளைப் பின்னணிப் படத்தை முதலில் வையுங்கள், ஸ்கேல் படத்தையும் பின்பக்கப் படத்தையும் அடுத்தடுத்து. பூக்கல் பின்னால் மங்கலாகத் தெரிகிற படம் கடைசியில் இருக்கட்டும்.